பழைய டிஸ்க், புதுப் பூட்டு

புனேயின் மங்கள்வார் பேட்டைப் பக்கம் புதன், ஞாயிறுகளில் கூடுகிற ஜூனா பஜாரில் பழைய சாமான் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கலாம், திருகிப் பார்க்கலாம், பிறகு பேரம் பேசலாம். பழைய கம்ப்யூட்டர் கேம்களிடம் இந்த முறை பலிக்காது. டிஸ்க் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளக்கும். வீட்டுக்கு வந்து போட்டால் நகராது.

புனே மாணவர்களின் ஊர். படிப்பை முடித்துக் கிளம்புகிறவர்கள் சைக்கிள், மெத்தை, டேபிள் ஃபேனோடு கேம் டிஸ்க்குகளையும் தள்ளிவிட்டுப் போகிறார்கள். வாங்குவது அடுத்த செட் மாணவர், அல்லது பையனின் நச்சரிப்பு தாங்காத அப்பா. இவர்கள் டிஸ்க்கைப் பார்க்கிறார்களே தவிர, பூட்டைப் பார்ப்பதில்லை.

பூட்டு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. 2004இல் வந்த 'ஹாஃப் லைஃப் 2' டிஸ்க்கை வாங்கியவர் 'ஸ்டீம்' என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்கி, பெட்டியில் அச்சிட்ட சாவி எண்ணை அதில் பதிந்தால்தான் ஆடமுடியும். ஒரு கணக்கில் ஏறிய எண் இன்னொரு கணக்கில் ஏறாது. பிறகு பல கம்பெனிகளும் இதே வழிக்கு வந்தன. 2008இல் வந்த 'ஸ்போர்' கேமை மூன்று கம்ப்யூட்டர்களில்தான் நிறுவலாம் என்று வரம்பு கட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஐந்தாக்கினார்கள். எனவே முதல் கேள்வி டிஸ்க்கின் வயதைப் பற்றியதல்ல. "சாவி எண் யார் கணக்கில் இருக்கிறது?" என்று கேளுங்கள். கணக்கையே தருகிறேன் என்பார் சிலர். வேண்டாம். ஸ்டீம் விதிப்படி கணக்கை விற்கக்கூடாது; தவிர, பழைய ஈமெயிலைக் காட்டி அவர் அதை என்றைக்கும் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம்.

இதற்கு முந்தைய டிஸ்க்குகளில் கணக்குத் தொல்லை இல்லை. தொல்லை விண்டோஸில் இருக்கிறது. நகல் எடுப்பதைத் தடுக்க அன்று பல கேம்களில் 'சேஃப்டிஸ்க்' என்ற காவல் நிரலைச் சேர்த்தார்கள். அது கம்ப்யூட்டரின் அடிமடி வரை நுழைந்து வேலை செய்யும். திருடர்கள் புக அதுவே வழியாகும் என்பதால் 2015இல் விண்டோஸ் 10 அதை வெளியே நிறுத்திவிட்டது. 1990களின் சில கேம்களில் வேறு கூத்து: கேம் நன்றாக இருக்கும், அதை நிறுவித்தருகிற செட்டப் நிரல் 16 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸ் அதைத் திரும்பியும் பார்க்காது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். டாஸ் கால கேம் என்றால் பிழைத்தீர்கள். 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச நிரல் இருக்கிறது.

கீறல் விஷயத்திலும் கண் ஏமாற்றும். எல்லோரும் சிடியின் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்குள்ள லேசான கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். தகவல் படிந்திருப்பதோ மேலே லேபிளுக்கு ஒட்டினாற்போல. மேல்பக்கம் உரிந்திருந்தால் வாங்காதீர்கள்.

"ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்" என்று விற்பவர் சொன்னால் நடையைக் கட்டுங்கள். குவிக் ஹீல் பிறந்த ஊரில் இந்த யோசனையைக் கேட்பது வேடிக்கைதான்.

சட்டத்தின் கதை இதைவிட வேடிக்கை. பதிப்புரிமைச் சட்டத்துக்கு 1994இல் வந்த திருத்தம், கம்ப்யூட்டர் நிரலின் பிரதி முன்பே விற்கப்பட்டதாக இருந்தாலும் அதை விற்கும் உரிமை பதிப்புரிமைக்காரருக்கே என்றது. பழைய புத்தகக் கடைக்காரருக்கு இருந்த சுதந்திரம் பழைய டிஸ்க் விற்பவருக்கு இல்லை. 1999 திருத்தம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. சட்டம் கதவைத் திறந்த ஐந்தாறு வருடத்தில் கம்பெனிகள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டன. பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டு, மறுவிற்பனைக்கு ஆதரவாக 2019இல் பாரீஸில் தீர்ப்பு வாங்கியது. 2022இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 'லைசென்ஸ்' என்பதைத் தமிழில் 'உரிமம்' என்று எழுதிவிட்டுத் தாண்டிப்போகிறோம். காசு கொடுத்து வாங்கியவர் அதை உடைமை என்றே நினைத்துக்கொள்கிறார்.

தொல்லையில்லாமல் ஆடவேண்டும், அவ்வளவுதான் என்றால் பழைய கேம்களை இன்றைய விண்டோஸுக்கு ஏற்றபடி திருத்திப் பூட்டில்லாமல் விற்கும் போலந்துக்காரர்களின் 'கோக்' 2008இலிருந்து இருக்கிறது. டிஸ்க்தான் வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப்பையும் வெளியே செருகும் சிடி டிரைவையும் எடுத்துப் போங்கள். விற்பவரின் கம்ப்யூட்டரில் ஓடுவதைப் பார்த்து மயங்கவேண்டாம். அங்கே அது அவருடைய கணக்கில்தான் திறக்கிறது. உங்களுடையதில் நிறுவி, முதல் கட்டம் ஓடிய பிறகு பணத்தை எடுங்கள். சாவி போன டிஸ்க்கை அதன் அழகான பெட்டிக்காகவே வாங்க ஆசைப்பட்டால் அதற்கும் தடையில்லை. பெட்டியின் விலையை மட்டும் கொடுங்கள்.