மருத்துவமனைப் பணியாளரின் குடியிருப்பும் பிரயாணமும் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு.

பிரதிகள்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள், கோயம்புத்தூர். அரசுப் போக்குவரத்துக் கழக நிர்வாக இயக்குநர் அவர்கள், கோயம்புத்தூர். தென்னக ரயில்வேயின் சேலம், பாலக்காடு கோட்ட மேலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

கோவை மாநகரின் அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியராகவும், ஆய்வுக்கூடப் பணியாளராகவும், மருந்தாளுநராகவும், வார்டு உதவியாளராகவும், துப்புரவுத் தொழிலாளராகவும் உத்தியோகம் பார்த்து, நகரின் நாற்புறத்துப் புறநகர்களிலும் குடியிருந்து வருகிற எங்கள் சங்கத்தார், பொதுக்குழுவில் ஒருமனதாக முடிவு செய்து தங்கள் சமூகத்திற்குச் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம் இது. சம்பளத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை; அதற்கு வேறு இடமும் வேறு சமயமும் உண்டு. எந்த ஊரில் குடியிருப்பது என்பதைக் குடும்பத்தின் வருமானத்தையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வீட்டுப் பெரியவர்களின் சௌகரியத்தையும் அனுசரித்து நிச்சயித்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு இருக்கவேண்டியிருக்க, அது கடைசி பஸ்ஸின் கையில் சிக்கிக்கிடக்கிறது என்பதும், அதிலிருந்து எங்களை மீட்பதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் வேண்டியதில்லை என்பதுமே நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

வைத்தியத்திற்கென்று பாலக்காட்டிலிருந்தும், நீலகிரியிலிருந்தும், ஈரோடு திருப்பூரிலிருந்தும் ஜனங்கள் நாடி வரும் ஊராகக் கோவை ஆகிவிட்டது தாங்கள் அறியாததன்று. திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாப்பநாயக்கன்பாளையத்தில் 1952-இல் தொடங்கிய குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை, சித்தாப்புதூரில் 1975 முதல் நடைபெறும் இராமகிருஷ்ணா மருத்துவமனை, மேட்டுப்பாளையம் சாலையில் கங்கா மருத்துவமனை, சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அவிநாசி சாலை நெடுகிலும் அரவிந்த் கண் மருத்துவமனை, பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போய், நீலாம்பூர் வரைக்கும் எட்டிவிட்டது. இவற்றுள் அவிநாசி சாலையைச் சார்ந்தவை மட்டுமே ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகைக்கு ஈடானவர்களை நாள்தோறும் உள்ளிழுத்து வெளிவிடுகின்றன என்றால் அது மிகையாகாது.

இதே அவிநாசி சாலைக்கு இதற்கு முன் வேறொரு வாழ்வு இருந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை நிறுவிய முதல் நூற்பாலையையும், 1910-இல் எழுந்த லட்சுமி மில்லையும், 1932-இல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு மளமளவென்று பெருகிய ஏனைய ஆலைகளையும் சார்ந்தே பீளமேடும் சிங்காநல்லூரும் உப்பிலிபாளையமும் வளர்ந்தன. ஆலைச் சங்கு ஊதினால் ஊர் முழுவதற்கும் மணி தெரியும்; சங்குக்கு ஏற்பக் கடை திறந்தது, அடுப்பு எரிந்தது, நடந்து போய்ச் சேரும் தொலைவில் லைன் வீடுகள் நின்றன. அந்த ஆலைகளை நடத்திய குடும்பத்தாரிற் சிலரே பின்னர் மருத்துவமனைகளையும் ஸ்தாபித்தனர் என்பது இவ்வூரின் பெருமை. ஆலைகள் பல மூடப்பட்டு, அவற்றின் பெயர்கள் பஸ் நிறுத்தங்களில் மட்டும் தங்கிவிட்ட இக்காலத்தில், மூன்று ஷிப்ட் வேலை மட்டும் ஒழியவில்லை. ஆலையிலிருந்து வார்டுக்கு இடம் மாறியிருக்கிறது. ஆனால் இந்த ஷிப்ட் மாறும் வேளையை ஊருக்கு அறிவிக்கச் சங்கு இல்லை. பஸ் கால அட்டவணை வகுப்போர்க்கும் அது எட்டியதாகத் தெரியவில்லை.

புறநகரில் வீடு தேடும் ஒரு செவிலியர் எப்படித் தேடுகிறார் என்பதைச் சற்று விவரிக்க அனுமதிக்க வேண்டுகிறோம். வாசலில் நின்று வீட்டுக்காரம்மாளிடம் அவர் முதலிற் கேட்பது வாடகையையன்று. "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க? டவுனிலிருந்து கடைசி பஸ் எத்தன மணிக்குங்க?" என்ற இவ்விரண்டுமே முதற் கேள்விகள், அட்வான்ஸ் பேச்செல்லாம் அதற்குப் பின்புதான். வடவள்ளிப் பக்கம் சிறுவாணித் தண்ணீரும் மருதமலைக் காற்றும் உண்டு; ஆனால் அங்கிருந்து பீளமேட்டுக்குப் போகிறவர் மேற்கிலிருந்து கிழக்காக நகரம் முழுவதையும் குறுக்கே கடந்தாக வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் வேலை பார்ப்பவர்க்குத் துடியலூரும் கவுண்டம்பாளையமும் வாய்த்த ஊர்கள். அவரே நாளைக்கு அவிநாசி சாலை மருத்துவமனை ஒன்றுக்கு மாறிவிட்டால் அதே வீடு பாரமாகிவிடும். சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சி ஆகியவை தொலைவிற் குறைந்தவை என்றாலும், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பின் அங்கே வாடகை ஒரு வார்டு உதவியாளரின் சம்பளத்தை அனுசரித்ததாக இல்லை. ஒண்டிப்புதூரும் இருகூரும் போத்தனூரும் சுந்தராபுரமும் வாடகைக்கு ஏற்றவையே, பகல் வேலைக்காரருக்கு மட்டும்.

காலை டியூட்டிக்குப் போகிறவர் பள்ளிப் பிள்ளைகளோடும் ஆபீஸ் செல்வோரோடும் எப்படியோ நெருக்கியடித்துப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். தொல்லை மற்ற இரண்டு வேளைகளிலும்தான். பிற்பகல் டியூட்டி எட்டு மணிக்கோ எட்டரைக்கோ முடிவதாக ஏட்டில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும், ஏறும் மருந்தையும், வடியும் குழாயையும், டாக்டர் கடைசியாகச் சொல்லிப்போன வார்த்தையையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கி, உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது ஒன்பதாகிவிடும். 'ஹேண்ட்ஓவர்' என்று வார்டில் வழங்கும் இந்த ஒப்படைப்பைப் பஸ் போய்விடுமே என்ற பதைப்பில் அவசரமாகச் செய்தால் அதன் பலனை அனுபவிப்பது படுக்கையில் இருப்பவர் என்பதால், இது எங்கள் சௌகரியம் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஒன்பது மணியைத் தாண்டிவிட்டால் பிரதான சாலைகளில் வண்டி ஓடிக்கொண்டிருந்தாலும், சாலையை விட்டு உள்ளடங்கிய குடியிருப்புகளுக்குச் செல்லும் பஸ்கள் அருகிவிடுகின்றன. நிறுத்தத்திலிருந்து வீடு வரை உள்ள கடைசி மைல், தெருவிளக்கையும் தெருநாயையும் பொறுத்தது.

2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாகியிருப்பது எங்கள் சங்கத்துப் பெண்களின் மாதச் செலவிற் பெரும் பாரத்தைக் குறைத்திருக்கிறது என்பதை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆயினும் கோவையில் தனியார் டவுன் பஸ்கள் மிகுதி. அவற்றில் அந்தச் சலுகை இல்லை. ஒப்பந்த ஊழியத்தில் இருக்கும் ஒரு துப்புரவுத் தொழிலாளி, கையில் காலியான தூக்குப்போசியுடன், தம் ஊர்ப் பெயர் எழுதிய தனியார் பஸ் ஒன்றைக் கண்முன்னே விட்டுவிட்டு, கட்டணமில்லாத பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதை எந்த இரவிலும் எந்த மருத்துவமனை வாசலிலும் காணலாம். காசில்லாத பிரயாணத்திற்கு அவர் தம் தூக்கத்தை விலையாகக் கொடுக்கிறார்.

அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்திற்கு அமைத்து, ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டி, 2025 அக்டோபரில் திறந்துவைத்த மேம்பாலம் இவ்வூருக்கு ஒரு வரப்பிரசாதம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. மேலே காரில் போகிறவருக்கு வேகம் கிடைத்திருக்கிறது, கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு நிழல் கிடைத்திருக்கிறது என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் கூட்டத்திற் சொன்னதை, அதன் குறும்பைப் பொருட்படுத்தாமல் தங்கள் கவனத்திற்கு வைக்கிறோம். மெட்ரோ ரயில் திட்டம், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்ற காரணம் காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசால் திருப்பியனுப்பப்பட்டது. அந்த விவாதத்தில் நாங்கள் இறங்கவில்லை. மெட்ரோ வருமாயின் மகிழ்வோம். இன்றிரவு டியூட்டி முடித்து வருகிறவர் அதுவரை எப்படி வீடு சேர்வது என்பதே எங்கள் வினா.

ஆகவே முதலாவதாக நாங்கள் வேண்டுவது, புதிய பஸ்களையன்று, இருக்கும் பஸ்களின் நேரத்தை. மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் மருத்துவமனை நிர்வாகங்களும் ஓரிடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு மருத்துவமனையிலும் பணி மாறும் வேளையை ஓர் அட்டவணையாகத் தயாரித்து, காலை ஆறிலிருந்து எட்டு வரையிலும், பகல் ஒன்றிலிருந்து மூன்று வரையிலும், இரவு ஏழிலிருந்து பத்து வரையிலும் காந்திபுரம், சிங்காநல்லூர், உக்கடம் நிலையங்களுக்கும் அங்கிருந்து புறநகர்களுக்கும் புறப்படும் வண்டிகளின் நேரத்தை அதற்கேற்றவாறு சிறிது முன்னும் பின்னும் தள்ளி அமைத்தாலே எங்கள் சிரமத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது எங்கள் அபிப்பிராயம். இரவு ஒன்பதரைக்குப் பின் ஒரு கட்டணமில்லாப் பஸ்ஸேனும் ஒவ்வொரு திசையிலும், நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல், அவிநாசி சாலையிலிருந்து நேரே புறப்படவேண்டும். பிரதான சாலையிலிருந்து உட்புறம் செல்வதற்கு, 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தின் கீழ் பெர்மிட் அளிக்கையில், இரவு நடையையும் அதன் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்கப் பிரார்த்திக்கிறோம். பகலில் மட்டும் ஓடி இருட்டியதும் ஷெட்டுக்குப் போகிற மினி பஸ்ஸால் எங்களுக்குப் பிரயோஜனமில்லை.

அடுத்ததாக ரயிலைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் நம் கையிலேயே இருக்கும் ஒரு செல்வத்தை நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது எங்கள் வருத்தம். கோவை சந்திப்பிலிருந்து வடகோவை, பீளமேடு, சிங்காநல்லூர் வழியாக இருகூருக்கு ஒரு பாதை. இருகூரிலிருந்து போத்தனூருக்கு மற்றொரு பாதை. போத்தனூரிலிருந்து மீண்டும் கோவை சந்திப்புக்கு இன்னொன்று. நகரத்தைச் சுற்றி இரும்பில் ஒரு முக்கோணமே போடப்பட்டுக் கிடக்கிறது. இருகூரிலும் போத்தனூரிலும் வண்டி திசை திரும்ப வேண்டியிருக்கும் என்று ஆட்சேபம் எழலாம். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மெமு வண்டிக்கு எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லையாதலால் அந்த ஆட்சேபமும் பெரிதன்று. ஒண்டிப்புதூரிலும் இருகூரிலும் போத்தனூரிலும் குடியிருப்பவர் எந்த நெரிசலிலும் சிக்காமல் பீளமேட்டில் இறங்க இது வகை செய்யும். இடையூறு தண்டவாளத்தில் இல்லை, நிர்வாக எல்லையில் இருக்கிறது. கோவையும் இருகூரும் 2007-இல் ஏற்பட்ட சேலம் கோட்டத்தைச் சேர்ந்தவை, போத்தனூரோ பாலக்காடு கோட்டத்தின் வசம். ஆகையால் இரு கோட்ட மேலாளர்களும் கலந்து பேசி, ஷிப்ட் நேரங்களிலேனும் ஒரு சுற்று வண்டியைச் சோதனையாக ஓட்டிப் பார்க்கவேண்டும்.

1873 முதல் இருந்துவரும் மேட்டுப்பாளையம் கிளைப் பாதையிலும், காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் நிலையங்களில் இறங்குவோரின் பொருட்டு, இரவு ஒன்பதரைக்கு மேல் கோவையிலிருந்து புறப்படும் வண்டி ஒன்று வேண்டும். அது வாரத்தின் ஏழு நாளும் ஓடவேண்டும். மருத்துவமனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ரயில் நிலையங்களிலிருந்து பிரதான சாலைக்குச் செல்லும் வழிகளில் விளக்கும் நடைபாதையும் அமைத்துத் தருவது மாநகராட்சியின் பொறுப்பு. வடவள்ளி, துடியலூர், காளப்பட்டி, குறிச்சி முதலிய ஊர்களைச் சேர்த்து 2011-இல் நகர எல்லை 257 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, வரியும் விரிந்தது. விளக்கு மட்டும் அதே வேகத்தில் பின்தொடரவில்லை.

தனியாக வசிக்கும் இளம் செவிலியர்க்கும் பயிற்சி மாணவியர்க்கும் அரசின் தோழி விடுதி ஒன்று மருத்துவமனைகளுக்கு நடந்து செல்லும் தொலைவில் அமையவேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். ஊருக்கு வெளியே இடம் மலிவு என்று அங்கே கட்டினால், மறுபடியும் கடைசி பஸ்ஸின் கதைதான்.

மருத்துவமனை நிர்வாகங்களின் கடமையும் இதில் உண்டு. மாலை 7 மணிக்குப் பின்னும் காலை 6 மணிக்கு முன்னும் பெண்களை வேலைக்கமர்த்துவதாயின், அவர்களுடைய சம்மதத்துடனும் பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டும்தான் அது செய்யப்படலாம் என்று 2020-ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு விதிக்கிறது. தம் ஊழியர்க்கு வண்டி அனுப்பும் மருத்துவமனைகள் இருக்கின்றன, அவற்றைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த வண்டியில் செவிலியர்க்கு இடமுண்டு, அதே வார்டைக் கூட்டித் துடைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடமில்லை என்னும் பேதத்தை நியாயமென்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கும் மருத்துவமனைகள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே திசைக்கு ஒரு பொது வண்டி விடுவதற்குத் தாங்கள் முன்னின்று ஏற்பாடு செய்தால், தனித்தனியே ஒவ்வொரு நிர்வாகத்தின் கதவையும் தட்டும் நிர்ப்பந்தம் எங்களுக்கு இராது.

இவற்றைக் குறித்துத் தங்கள் தலைமையில் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் அனைவரையும் அழைத்து ஒரு கூட்டம் கூட்ட நாள் குறித்துத் தருமாறு வேண்டுகிறோம். பணிமாற்ற நேரங்களையும், உறுப்பினர் வசிக்கும் ஊர்களையும் பற்றிய விவரங்களைத் தொகுத்துக் கொடுக்கச் சங்கம் சித்தமாயிருக்கிறது. கூட்டத்தைக் காலை பத்து மணிக்குப் பின் வைத்துக்கொண்டால், இரவு டியூட்டி முடித்தவர்களும் வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து கலந்துகொள்ள அவகாசம் இருக்கும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
சங்கத்தின் சார்பாக.
கோயம்புத்தூர்.