செவிலியரிடம் முதலில் செல்வோம்: கம்பைநல்லூர் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் பேரூராட்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வாழும் மக்களுக்கு இவ்வட்டாரத்துக் குடிமக்கள் சிலர் கூடி விடுக்கும் இவ்வேண்டுகோள், துணை சுகாதார நிலையங்களில் பணியாற்றும் செவிலியரைப் பற்றியது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கர்ப்பகாலக் கவனிப்பு, படுத்த படுக்கையாக இருப்போரின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு மக்கள் முதலில் நாட வேண்டியவர் செவிலியரே என்பதும், அவருக்குரிய பயிற்சியையும் பணிப் பாதுகாப்பையும் சட்ட வரையறையையும் அரசிடம் கேட்டுப் பெறும் பொறுப்பு மக்களுக்கும் உண்டு என்பதும் இக்குழுவின் கருத்து.

உலகின் பல நாடுகளில் இத்தகைய பணியைச் செய்பவர் ‘உயர்நிலைச் செவிலியர்’ என்னும் பொருள்படும் பெயரால் அறியப்படுகிறார். செவிலியர் படிப்பை முடித்துப் பணி அனுபவமும் பெற்றபின் மேற்படிப்புப் படித்து, நோயாளியைப் பரிசோதிக்கவும், குறிப்பிட்ட நோய்களைக் கண்டறியவும், மருந்து தொடங்கவும், அளவை மாற்றவும், தம் எல்லைக்கு அப்பாற்பட்டதை மருத்துவரிடம் அனுப்பவும் சட்டப்படி உரிமை பெற்றவரே உயர்நிலைச் செவிலியர். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் இணைந்து இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் எட்டாத இடங்களில் குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். முதல்நிலைச் சிகிச்சையில் மருத்துவருக்குப் பதிலாகச் செவிலியர் பணியாற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வறிக்கை, நோயாளிகளின் உடல்நிலை மருத்துவரிடம் சென்றவர்களுக்கு நிகராகவோ சற்று மேலாகவோ இருந்ததாகவும், செவிலியர் ஒவ்வொருவரோடும் கூடுதல் நேரம் செலவிட்டதாகவும், நோயாளிகளின் மனநிறைவு அதிகமாக இருந்ததாகவும் முடிவு கூறியது. அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை வசதி மிக்க நாடுகளில் நடந்தவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; அங்குள்ள பயிற்சியும் மேற்பார்வையும் இங்கே தாமாக வந்துவிடுவதில்லை.

எனினும் செவிலியரை முன்னிறுத்தும் மருத்துவம் இம்மண்ணுக்கோ அண்டை நாட்டுக்கோ புதிதன்று. இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடுவீடாகச் செல்லும் குடும்ப நல மருத்துவிச்சிகளை நாடு முழுவதும் பரப்பும் முறைக்கு வித்திட்டது. அந்நாட்டில் பேறுகால மரணங்கள் பெருமளவு குறைந்ததற்கு அவர்களின் பணி முக்கியக் காரணமாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தருமபுரி மாவட்டத்திற்கோ இதைவிட நெருக்கமான, கசப்பான ஒரு நினைவு உண்டு. பெண் சிசுக்கொலை எவ்வளவு பரவியிருந்தது என்பது ஊரார் அறிந்தும் பேசாமல் விட்ட செய்தியாக இருந்த காலத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் இருந்த 1995ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புக் குறிப்புகளைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அதன் பரப்பை மாவட்டவாரியாக எடுத்துக்காட்டினர். அவர்களின் கட்டுரை 1997இல் வெளியானது. அப்பதிவேடுகளுக்கு அடிப்படையாக இருந்தவை கிராம சுகாதார செவிலியர் எழுதி வைத்த குறிப்புகள். கர்ப்பிணியின் பெயரை மூன்றாம் மாதத்தில் எழுதி, பிரசவத் தேதியைக் குறித்து, குழந்தை இறந்தால் எத்தனையாம் நாளில் இறந்தது என்பதையும் சேர்த்து எழுதிய அந்தப் பெண்கள், தம் கையெழுத்து ஒரு மாவட்டத்தின் மனச்சாட்சியை உலுக்கும் என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை. இதைத் தருமபுரிக்காரர்கள் இன்னும் உரத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது இக்குழுவின் எண்ணம்.

கிராம சுகாதார செவிலியரின் பணி பெரும்பாலும் தாய், சேய் நலம் சார்ந்தது. அண்மைக் காலத்தில் மாறியிருப்பது நோயின் முகம். 2020இல் தமிழக அரசு நடத்திய ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் 17.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் இருந்தன. ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. மருந்து கண்டுபிடிக்கப்படாத நோய்கள் அல்ல இவை. மாத்திரை விலையும் மிகுதியன்று. மாதந்தோறும் ஒருவர் அளந்து பார்த்து, விட்டுப்போன மாத்திரையைப் பற்றிக் கேட்டு, அளவு போதவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்ற ஆள் இல்லாததே பெரும் குறை. அந்த ஆளாக இருக்கத் தக்கவர் செவிலியர். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த பகுதி அது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவதும், படுக்கையில் இருப்போரை நோய்த்தணிப்புச் செவிலியர் வந்து பார்ப்பதும் இத்திட்டத்தின் பகுதிகள்.

இதற்கு இணையாக, மத்திய அரசு 2018இல் அறிவித்த நலவாழ்வு மையத் திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒன்றாக, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்றாக அமைந்த துணை சுகாதார நிலையங்களில் ‘இடைநிலை சுகாதாரப் பணியாளர்’ என்ற பெயரில் செவிலியர் அமர்த்தப்பட்டனர். மருத்துவருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் இடைப்பட்ட நிலையில் பணியாற்றுபவர் என்பது அப்பெயரின் பொருள். இவர் செய்யும் வேலையின் நுட்பத்தை இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரே செயலிலிருந்து அறியலாம். காட்டு வேலையிலிருந்து வெயிலில் நடந்து வந்தவரை வந்த வேகத்தில் அளந்தால் எண் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து உட்கார வைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை நெஞ்சுக்கு நேராக மேசைமீது வைத்து, டீயோ பீடியோ குடித்துவிட்டு வந்தாரா என்று கேட்டு, இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து எழுதுவதே முறை. நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்காத அந்த ஐந்து நிமிடம் துணை சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, உணர்ச்சி குறைந்த இடத்தையும் வெடிப்பையும் கண்டு சொல்வதும் அப்படித்தான். கால் விரலை எடுக்க நேரும் துயரம் பல வேளைகளில் யாரும் பார்க்காத ஒரு சிறு புண்ணிலிருந்து தொடங்குகிறது.

இந்தப் பொறுப்பு நெருக்கடி நேரத்துக்கும் நீண்டிருக்கிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூவகை மருந்துகள் சேர்ந்த 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு துணை சுகாதார நிலையம் வரை கொண்டுவரப்பட்டது. இரத்தக் குழாயில் உறைவு வளர்வதைத் தடுப்பதும், போகும் வழியில் இழக்கும் நேரத்தின் கேட்டைக் குறைப்பதும் இதன் நோக்கம். தருமபுரிக்கோ அரூருக்கோ போய்ச் சேர வேண்டிய இவ்வட்டாரத்தில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. நெஞ்சுவலியை வாயுப் பிடிப்பு என்று முடிவு கட்டிச் சோடா குடித்துக் காத்திருப்பவர்கள் அந்நேரத்தைத்தான் இழக்கிறார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை மறைக்காமல் எடுத்துரைப்பது முறை. நகரத்தாருக்கு மருத்துவரும் கிராமத்தாருக்குச் செவிலியருமா என்ற கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆவது பிரிவின் வழியாகச் சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட மருத்துவ உரிமம் தரலாம் என்றபோது இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவிய போராட்டம் நடத்தியது. அரைகுறைப் பயிற்சி ஆபத்தானது என்ற அவர்களின் அச்சத்தில் உண்மை உண்டு. அதிலும் பட்டமே இல்லாமல் ஊசி போட்டுக் காசு பார்க்கும் போலி மருத்துவர்கள் அடிக்கடி பிடிபடும் தருமபுரி மாவட்டத்தில் அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நான்காண்டு செவிலியர் பட்டப்படிப்பும் பதிவு எண்ணும் மேற்பார்வை மருத்துவரும் உடைய ஒருவரைப் போலியோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது. செவிலியர் இடத்தைச் சட்டம் தெளிவாக வரையறுக்காமல் விடும்போதுதான் போலிகளுக்கு வழி திறக்கிறது. மருத்துவர் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்குச் செவிலியர் ஒரு சாக்காக ஆக்கப்பட்டால் அதை எதிர்க்கும் முதல் குரலும் இக்குழுவினுடையதாக இருக்கும்.

வரையறை முற்றிலும் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கை உயர்நிலைச் செவிலியர் பிரிவை உருவாக்கப் பரிந்துரைத்தது; தீவிர சிகிச்சைக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு வந்தது; 2018இன் பேறுகால வழிகாட்டி, சிக்கலற்ற பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி வகுத்தது; 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. படிப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. படித்தவர் அமர வேண்டிய பதவியும், அப்பதவிக்கேற்ற ஊதியமும், எந்த மருந்தை அவர் எழுதலாம் என்ற பட்டியலும்தான் பின்தங்கியிருக்கின்றன. தமிழகத்தில் 2015இல் தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் காலமுறை ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. தொகுப்பூதியம் என்பது படிகளும் ஊதிய உயர்வும் பணிப் பாதுகாப்பும் இல்லாத, மாதம் ஒரே தொகை. அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம், ஒரு குடும்பத்தின் சர்க்கரை அளவைப் பத்தாண்டு பின்தொடரச் சொல்வது எப்படிப் பொருந்தும்? போதாததற்கு, கிராம சுகாதார செவிலியரின் நேரத்தில் பெரும்பங்கைப் கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் முதலான இணையப் பதிவுகள் தின்றுவிடுகின்றன.

ஆகவே வட்டாரத்து மக்களிடம் இக்குழு வேண்டுவன சில உண்டு. “நர்சம்மாதானே, அவங்களுக்கு என்ன தெரியும்” என்ற பேச்சை வீட்டில் பிள்ளைகள் முன் பேசாதிருத்தல் அவற்றுள் எளியது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று செவிலியரை வற்புறுத்துவதையும், வேண்டாத ஊசியை மறுக்கும் செவிலியரோடு சண்டை பிடிப்பதையும் விட்டுவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பங்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; இம்மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது, அந்நீர் குழாயில் வந்தும் பழைய கிணற்றையே நாடுவோர் இன்னும் உள்ளனர், பிள்ளைகளின் பல்லில் படியும் பழுப்புக் கறையைக் கண்டு முதலில் கேட்பவரும் செவிலியரே. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்று திரும்புவோர் அங்கே வாங்கிய மருந்துச் சீட்டையும் மிச்ச மாத்திரை அட்டைகளையும் தூக்கி எறியாமல் கொண்டுவந்து காட்ட வேண்டும். வயது குறைந்த பெண்ணின் திருமணமோ கர்ப்பமோ மறைக்கப்படும் வீடுகளில், செவிலியர் வாசலில் நின்று கேட்கும் கேள்வியைத் துப்பறிதலாகக் கொள்ளாமல் இருப்பது அப்பெண்ணின் உயிருக்கு நல்லது.

ஊராட்சிகளில் வாழ்வோர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபைகளிலும், பேரூராட்சியில் வாழ்வோர் தத்தம் பகுதி சபையிலும் ஒரே தீர்மானத்தை முன்மொழிய வேண்டும் என்றும் இக்குழு கேட்டுக்கொள்கிறது. துணை சுகாதார நிலையச் செவிலியர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா, அவர் தொகுப்பூதியத்தில் உள்ளவரா, இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் பட்டைகளும் இருப்பில் உள்ளனவா, ‘இதயம் காப்போம்’ மாத்திரைகளின் காலாவதித் தேதி என்ன, கட்டடத்தில் தண்ணீரும் பெண் பணியாளருக்குக் கழிப்பறையும் உண்டா என்னும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை கோரும் தீர்மானம் அது. கையெழுத்திட விரும்புவோர் தத்தம் வார்டு உறுப்பினரிடம் பெயர் கொடுக்கலாம். தீர்மான நகல் மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரப் பணிகள் துறைக்கும் அனுப்பப்படும்.