யந்திரத்தின் எச்சரிக்கையும் மக்களின் மொழியும்

யந்திரங்களுக்கு அறிவு புகட்டும் விஞ்ஞானம் ஆராய்ச்சிச் சாலையை விட்டு வெளியேறி இன்று காட்டின் ஓரத்திற்கே வந்துவிட்டது. கோயமுத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே எட்டிமடை, வாளையாறு வழியாகச் செல்லும் ரயில் பாதை யானைகளின் வழித்தடத்தில் அமைந்தது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரைக்கு அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய விபத்துகளைத் தடுப்பதற்காகத் தமிழ்நாடு வன இலாகா 2024 பிப்ரவரியில் மதுக்கரைச் சரகத்தில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. பாதையை ஒட்டி 12 கோபுரங்கள் எழுப்பப்பட்டன. அவற்றில் சாதாரணக் காமிராவுடன், இருளிலும் உடற்சூட்டைக் கொண்டு உருவத்தைக் காட்டும் காமிராவும் உண்டு. பாதையருகே வருவது யானை எனக் கணினி கண்டதும் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி செல்கிறது. வன ஊழியர் விரைகின்றனர். ரயில் ஓட்டுநர் வேகத்தைத் தணிக்கிறார். இது தொடங்கிய முதலாண்டில் அப்பகுதியில் ஒரு யானையும் ரயிலில் அடிபடவில்லை.

இதனைச் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். ஆயினும், யானை இன்னதென்று கணினி தானாக அறியாது. மனிதர் பெயரிட்டுக் கொடுத்த ஏராளமான படங்களைக் கொண்டே அது பயில்கிறது. எனவே, காவலரின் வேலையை யந்திரம் பறித்துவிடுமோ என்னும் அச்சம் இங்கே பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. யந்திரம் உறங்காமல் கண்காணிக்கும். கூட்டத்தில் கன்று உண்டா, அது எப்பக்கம் திரும்பும், எவ்வாறு விலக்குவது என்பவற்றைக் காடறிந்த காவலரே தீர்மானிக்க முடியும்.

நான் அஞ்சுவது வேறொன்றை. ரயில் பாதையில் ஓட்டுநர் ஒருவருக்குச் செய்தி எட்டினால் போதும். இடுக்கி மலைச்சரிவில் விடியற்காலையில் தேயிலைக் காட்டுக்குப் புறப்படும் நூறு பேருக்கு அதை எட்டச் செய்வது எப்படி? 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் என்னும் யானைக்கு ரேடியோக் கழுத்துப்பட்டை பூட்டப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும், மே 27 அன்று அது கம்பம் நகர வீதிகளில் புகுந்தது. யானை இருக்கும் இடத்தைக் கருவி காட்டலாம். வீதியில் நிற்பவனை வீட்டுக்குள் அனுப்புவது மனிதரின் கடமை.

இதற்கு நல்வழி காட்டியது வால்பாறை. அங்கே, நுண்ணறிவுக் கணினி எதுவுமின்றி, யானை நடமாடும் இடத்தைக் கைத்தொலைபேசிச் செய்தியாகவும், தமிழில் பேசும் குரலாகவும் தோட்ட மக்களுக்குத் தெரிவித்தனர். உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகளையும் எரியச் செய்தனர். எழுத்தறியாதவருக்கும் அவ்விளக்கு விளங்கிற்று.

பாலக்காட்டில் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். பழங்குடி மக்களின் பேச்சோ வேறு. ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மட்டும் வரும் செய்தி இவர்களிற் பலருக்கு வெறும் ஓசையே. மொழிபெயர்ப்புப் பணியில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் வற்புறுத்திக் கூறுகிறேன்: கருவிக்குப் பணம் ஒதுக்கும் திட்டத்திலேயே மொழிக்கும் இடம் ஒதுக்க வேண்டும். கோபுரங்களை நாட்டிய பின்னர் யோசிக்க வேண்டிய காரியமன்று இது.

கள ஊழியர்கள், செய்தி அனுப்பப்பட்டதா என்பதோடு நில்லாமல், அது விளங்கிற்றா என்றும் வீடு வீடாக விசாரித்தல் நன்று. பொய் எச்சரிக்கைகளையும் குறித்து அனுப்புங்கள்; கணினி திருந்துவதற்கு அக்குறிப்புகள் இன்றியமையாதவை. ஆசிரியர்கள் அச்செய்திகளை வகுப்பில் படித்துக் காட்டி, கருவியும் பிழை செய்யும் என்பதையும் மாணவருக்கு உணர்த்துவார்களாக. பிள்ளை அறிந்தது அன்று மாலையே வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கடைசி அடியைக் கடந்தாலன்றி எச்சரிக்கை நிறைவு பெறாது.