கிளையுரு உயிரணுக்களும் நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மையும்

கிளையுரு உயிரணு என்பது, தான் விழுங்கிய புரதத் துணுக்குகளை டி உயிரணுக்களுக்குக் காட்டும் வெள்ளணு வகையாகும். 1973-இல் இதனை விவரித்தவர்களுள் ஒருவரான ரால்ஃப் ஸ்டைன்மன் 2011-இல் நோபல் பரிசு பெற்றார். தொற்று உள்ளபோது இது டி உயிரணுக்களைத் தாக்கத் தூண்டும்; தொற்றில்லாதபோது அவற்றை அடக்கும், அல்லது ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்களாக மாற்றும். இவ்வொழுங்குபடுத்திகள் பற்றிய கண்டுபிடிப்புக்கே 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கோயம்புத்தூரில் சிறுநீரக மாற்று செய்துகொள்ளும் கொங்கு நாட்டவருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. பெற்ற உறுப்பை உடல் தாக்காதிருக்க, அது இயங்கும் காலம் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். அம்மருந்து கிருமிகளுக்கு எதிரான காவலையும் சேர்த்தே தளர்த்துகிறது. அவற்றுள் ஒன்றான டாக்ரோலிமஸ், காக்கவேண்டிய சிறுநீரகத்துக்கே நாளடைவில் கேடு செய்யக்கூடும் என்பது முரண்.

2020-இல் லான்செட் இதழில் வெளியான 'ஒன்' ஆய்வில், சகிப்பூட்டும் கிளையுரு உயிரணு உள்ளிட்ட சில உயிரணு வகைகள் சிறுநீரகம் பெற்றோருக்கு ஏற்றப்பட்டன. மருந்தைக் குறைத்தும் உறுப்பு நிராகரிப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, தொற்றுகளும் குறைந்தன. எனினும் சோதிக்கப்பட்டோர் சிலரே. மருந்தை முற்றிலும் கைவிட இது போதிய சான்றாகாது.