எர்ரர் வந்தால் சந்தோஷப்படுங்கள்!

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, 13, 14-ஆம் நூற்றாண்டு சீன வணிகத்தைப் பற்றி எழுதியபோது இந்த ஓடுகளையும் ஆராய்ந்தார். சரி, இதற்கும் எக்ஸ்எம்எல்லுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

இந்த ஓடுகளுக்கு டாட்நெட்டில் ஒரு பதிவேடு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஓடு' என்று ஒரு கிளாஸ்: நிறம், குழி எண், கிடைத்த ஆழம். 'தளம்' என்று இன்னொன்று, அதற்குள் ஓடுகளின் பட்டியல். ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் அது எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பு. இதை எக்ஸ்எம்எல் சீரியலைசரிடம் கொடுத்தால்.. டமார்!

திரையில் வரும் முதல் வரி "எக்ஸ்எம்எல் உருவாக்குவதில் பிழை" என்கிறது. அது நமக்கே தெரியுமே! முக்கால்வாசிப் பேர் இந்த வரியை அப்படியே காப்பி செய்து கூகுளில் போட்டுவிட்டுத் தலையைச் சொறிகிறார்கள். உண்மையான காரணம் உள்ளே, 'இன்னர் எக்செப்ஷன்' என்ற இடத்தில் இருக்கிறது. சில சமயம் அதற்குள்ளும் இன்னொன்று. கடைசி வரை திறந்து பார்த்தால்தான், தளம் ஓட்டைக் காட்ட, ஓடு தளத்தைக் காட்ட, சீரியலைசர் செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியிருக்கிறது என்ற விஷயம் தெரியும். காரணத்தை இப்படி ஒளித்து வைத்தது மைக்ரோசாஃப்ட்காரர்களின் தவறுதான், மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

மற்ற எர்ரர்களும் இப்படித்தான். பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் இல்லை, டிக்ஷனரியை ஏற்காது என்று உள்ளே தெளிவாகவே எழுதியிருக்கும். வேர்டில் ஷிஃப்ட்-எண்டர் தட்டிய குறிப்பை ஒட்டினால் 11-ஆம் எண் கட்டுப்பாட்டு எழுத்து கூடவே வந்துவிடும். எக்ஸ்எம்எல் 1.0-வில் முதல் 32 எழுத்துகளில் 9, 10, 13 மூன்றுக்குத்தான் அனுமதி.

ஆனால் இவையெல்லாம் நல்ல எர்ரர்கள். கத்துகின்றன, சரி செய்கிறோம். கத்தாமல் போவதுதான் ஆபத்து.

ஆழத்தை ப்ரைவேட் ஃபீல்டில் வைத்தாலோ, 'கெட்' மட்டும் உள்ள ப்ராப்பர்ட்டியாக எழுதினாலோ சீரியலைசர் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விட்டுவிடும். கோப்பு உருவாகும், பிரவுசரில் அழகாகத் திறக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படித்தால் ஆழம் எல்லாம் 0. அத்தனை ஓடுகளும் தரைமேல் கிடந்த மாதிரி! எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத ஓடு தொல்லியலுக்குப் பாதி செத்த மாதிரி. தோண்டிய குழியை மறுபடி தோண்டவும் முடியாது. பாமினி எழுத்துருவில் தட்டிய ஊர்ப் பெயர்களும் இப்படித்தான்: சீரியலைசருக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள், எர்ரரே வராது.

இன்னொரு கெட்ட பழக்கம், எர்ரர் போகும்வரை கண்ட இடத்திலெல்லாம் 'எக்ஸ்எம்எல் இக்னோர்' ஒட்டுவது. ஓட்டில் உள்ள தளத்துக்கு அதை ஒட்டினால் சுற்று நிற்கும், வாஸ்தவம்தான். ஆனால் ஓட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்தால் அது எந்த ஊர் ஓடு என்பதே போய்விடும். தளத்தின் குறியீட்டை மட்டுமாவது தனி ப்ராப்பர்ட்டியாக எழுத வேண்டும். கத்திக்கொண்டிருந்த எர்ரரின் வாயைப் பொத்தி, அதை ஊமை எர்ரராக மாற்றுவது தீர்வா?

எழுதிய கோப்பைத் திரும்பப் படித்து, 40 செ.மீ. என்பது 40 ஆகவே வருகிறதா என்று பார்க்கும் கோட் பத்து வரிதான். லேப் தேர்வில் திரையில் அவுட்புட் வந்தாலே மார்க் போட்டுவிடுகிறார்கள். திரும்பப் படித்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் ஃபெயில்!