தாத்தாவுக்கு வாய் வறண்டால், வயசு மட்டும்தான் காரணமா?

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா, சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது." பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது பழகிய குரல். "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று நாமும் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறோம். மொத்தப் பழியையும் வயதின் மேல் போடுவது நியாயமில்லை மக்களே!

வாய் எப்படி ஊறுகிறது? மாங்காயைப் பார்த்ததும் மூளையிலிருந்து நரம்பு வழியே செய்தி கிளம்புகிறது. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகி, உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்லில் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். காலிங் பெல் அடித்த மாதிரி. உடனே செல்லுக்குள் கால்சியம் அளவு எகிறும், உப்பு வெளியேற வழி திறக்கும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும். அதுதான் உமிழ்நீர்.

வயதாக ஆக, சுரக்கும் செல்கள் குறைந்து அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்வது உண்மை. தாடைக்கு அடியில் உள்ள சுரப்பிகளில் இந்தக் குறைவு தெரியும். ஆனால், காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி, ஆரோக்கியமான முதியவர்களுக்கு மென்று சாப்பிடும்போது கிட்டத்தட்ட பழைய அளவிலேயே சுரக்கிறது. தேவைக்கு மேலேயே செல்கள் கையிருப்பில் இருப்பதுதான் காரணம்.

அப்புறம் ஏன் வறட்சி? மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் எல்லாம் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நரம்பு பெல் அடிக்கும், செல்லுக்குக் கேட்காது. 25 வயதில் கையிருப்பு தாங்கிவிடும். 75 வயதில் திணறும். இப்படி இரண்டு மூன்று மாத்திரைகள் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

விளைவு ரசத்தோடு முடியாது. ஈறு இறங்கிய இடத்தில் பல்லின் வேர் சொத்தையாகும், பல்செட் நிற்காது, ருசி குறையும். "பசிக்கல" என்று தட்டைத் தள்ளும் பாட்டிக்குப் பிரச்னை பசியில் இல்லாமல் வாயில் இருக்கலாம்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கியது உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். கண்ணும் சேர்ந்து உலர்ந்தால் அதையும் சொல்லுங்கள். வாய் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாயை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள், இருக்கிற பல்லும் போய்விடும். அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர், பல் இருப்பவர்களுக்குச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் போதும்.