‘ப-த-க’வை எண்ணினால் போதுமா?

‘ப-ப-ப’, அடுத்து ‘ப-த-க’. முடிந்த வேகத்தில் சொல்லச் சொல்லி, ஸ்டாப்வாட்சை அழுத்தி, நொடிக்கு எத்தனை அசை என்று படிவத்தில் எழுதிவிடுகிறோம். ஐந்தைத் தாண்டினால் நிம்மதி. பேச்சுச் சிகிச்சையாளர்களாகிய நாம் அந்த எண்ணுக்குத் தரும் மரியாதை கொஞ்சம் அதிகம்.

இசைக்கலைஞரின் விரல்கள் நொடிக்கு 16 முறை வரை இயங்கக்கூடும் என்று 1951-இல் வெளியான கட்டுரையில் உளவியலாளர் கார்ல் லாஷ்லி சுட்டிக்காட்டினார். ஓர் அசைவுக்கு 60 மில்லிசெகண்டுக்குச் சற்றே அதிகம். ஒரு விரல் அசைந்த உணர்வு மூளைக்குப் போய், அங்கிருந்து அடுத்த விரலுக்கு ஆணை வர இது போதாது. வரிசை முன்பே தயாராகியிருக்க வேண்டும். 1978-இல் பெல் ஆய்வகத்தின் சால் ஸ்டெர்ன்பர்க் குழு இதைப் பேச்சிலும் அளந்தது. பங்கேற்றவர்களுக்குச் சொல்லவேண்டிய கிழமைப் பெயர்கள் முன்பே தெரியும். சைகைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அப்படியிருந்தும் ஒரு பெயர் கூடும்போதெல்லாம் முதல் ஒலி சுமார் 10 மில்லிசெகண்ட் தள்ளிப்போனது.

நம் ஸ்டாப்வாட்ச் முதல் ஒலியில்தான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மௌனத்தில் நடக்கும் வேலை கணக்கில் வருவதே இல்லை. பேச்சு அப்ராக்சியா உள்ளவர் ‘ப-ப-ப’வை ஓரளவு சரளமாகச் சொல்லி, ‘ப-த-க’வில் தடுமாறுவார்; தொடங்குமுன் வாய் தேடும். சிறுமூளை பாதிப்பு உள்ளவருக்கு அசைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் சீரற்றுப்போகும். இருவருக்கும் படிவத்தில் ஒரே எண் விழலாம்! தாள ஒழுங்கின்மையில் உள்கடிகாரத்தின் பங்கு எவ்வளவு, தசையை இயக்கும் கட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க விங், கிறிஸ்டோஃபர்சன் இருவரும் 1973-லேயே வழி காட்டினர். அது விரல் தட்டலுக்கானது. நாவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு அது போதும்.

இன்னொன்று: தமிழ் பேசுபவர் வேகமெடுத்தால் உயிர்களுக்கிடையே வரும் த, க மெலியும். அது நம் மொழியின் பழக்கம். ஆங்கிலக் கையேட்டை வைத்து அதைப் பிழையாகக் குறிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி இவ்விதழுக்கு நோயாளர் குறிப்பு அனுப்புவோர், அசை எண்ணிக்கையோடு தொடக்கத் தாமதத்தையும் இடைவெளிகளின் ஏற்றத்தாழ்வையும் சேர்த்து அனுப்புங்கள். கைப்பேசிப் பதிவும் பிராட் (Praat) ஒலிப் பகுப்பாய்வு மென்பொருளும் போதும். சைகைக்கு ஒரு பீப் ஒலி வையுங்கள். “ம்… சொல்லுங்க” என்று நாம் இழுப்பதை வைத்து மில்லிசெகண்ட் அளக்க முடியாது. ஒரே முயற்சியோடு நிறுத்தாமல் பலமுறை சொல்லவைத்துப் பதியுங்கள்.